வராத டீச்சருக்கு வைத்த ஃபிளெக்ஸ்

கோமு,

உன் கல்யாணப் பத்திரிகை இன்று காலையில் அச்சாகி வந்துவிட்டது. முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவி, உனக்குப் பேர் தந்த கோமதியம்மன் சந்நிதியில் வைத்துக் கும்பிட்டேன். பிறகு பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு வந்து, பிச்சிப்பூக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது பத்திரிகையை முழுக்கப் படித்தேன். உன் பேருக்கு மேலே, மாப்பிள்ளை பேருக்கும் மேலே, 'தலைமையேற்று நடத்தி வைப்பவர்' என்று தங்க எழுத்தில் எம்.எல்.ஏ.வின் பேர். பெற்ற எங்கள் பேர் அதற்குக் கீழே எங்கேயோ பொடி எழுத்தில் கிடக்கிறது. சாயங்காலம் நீ போன் பண்ணி, "பத்திரிகை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாய். நல்லா இருக்கு என்றேன். "பின்ன ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாய். வியாபார நேரம், அப்புறம் பேசுதேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொல்ல ஆரம்பித்தால், "விடும்மா, பழைய கதை" என்று நீ நாலு வார்த்தையில் மூடிவிடுவாய். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் உன் பக்கத்துக் கட்டில்காரிக்கு முன்னால் உன்னை அழ வைக்கவும் எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

அந்த எம்.எல்.ஏ.வின் பேரை இதில் எழுத மாட்டேன். எந்தக் கட்சி, எந்தத் தொகுதி, எந்தப் பள்ளிக்கூடம் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். வேறு யார் கையில் இந்தக் காகிதம் கிடைத்தாலும் அவர்களுக்கு அது வேண்டாம். அவர் போய் வேறொருவர் வந்திருந்தாலும் இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட மாறியிருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவர் கெட்டவரும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்காது, ஏசிவிட்டுப் போயிருப்பேன்.

நீ பிளஸ் ஒன்னில் முதல் குரூப் சேர்ந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பத்தாம் வகுப்புக் கணக்கில் நீ வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு, ஹெட்மிஸ்ட்ரஸே உன்னைக் கூப்பிட்டு, "இவளை வேற குரூப்ல போட்டுராதிய" என்று என்னிடம் சொன்னார். உங்கப்பா தறியிலிருந்து வந்ததும் வராததுமாகச் சங்கதியைக் கேட்டுவிட்டுத் தெருவுக்கே லாலா கடை அல்வா வாங்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் திறந்த அதே மாதத்தில், பாடம் தொடங்குமுன்னே, உங்கள் கணக்கு டீச்சர் மாறுதல் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் அங்கே பார்க்க ஆளில்லாத அம்மா இருந்தாளாம். போனவருக்குப் பதிலாக ஒருவரும் வரவில்லை. கணக்குப் பீரியடில் உங்களை மைதானத்தில் புல் பிடுங்க விட்டார்கள். பெற்றோர்கள் சேர்ந்து ஒரு பி.எஸ்ஸி. படித்த பிள்ளையைப் பிடித்து வந்தோம். அதுவும் வகுப்புக்குள் கால் வைக்குமுன்னே கல்யாணம் நிச்சயமாகிப் போய்விட்டது.

அப்போது நான் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி. பூக்கடைக்காரிக்கு வாய் இருக்கிறது, பேசட்டும் என்று மற்ற அம்மாமார் என்னை அந்த நாற்காலியில் தள்ளிவிட்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. தீர்மானம் போட்டோம். தென்காசிக்கு பஸ் ஏறி கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமைக் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். எம்.எல்.ஏ. ஆபீசுக்கு எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் மரியாதையாகத்தான் உட்கார வைப்பார், காபி வரும். "அக்கா, கட்டடம் கேளுங்க, நாளைக்கே எழுதித் தாரேன். கலையரங்கம் கேளுங்க. தண்ணி டேங்க் கேளுங்க. ஆளு போடுதது என் கையில இல்ல, அது மேல" என்று விரலை உயரத் தூக்கிக் காட்டுவார். நான் விடவில்லை. உங்களுக்கு ஒரு டீச்சர் வேண்டும் என்பதோடு இன்னொன்றும் கேட்டேன். "ஐயா, பதிலுக்கு ஒரு ஆள் வந்து சேராம எந்த வாத்தியாரையும் விடக் கூடாதுன்னு ஒரு சட்டம் போடச் சொல்லுங்க. சட்டசபையில எந்திரிச்சி இதை மட்டும் ஒரு வார்த்தை பேசுங்க. கடையில வேலை பாக்குத பிள்ளைகூட மாத்தாளு வராம கல்லாவை விட்டு எந்திரிக்காது" என்றேன். "நல்ல பாயிண்ட்டுக்கா" என்று எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதோடு சரி.

பிறகுதான் அந்த சைக்கிள் விழா வந்தது. இலவச சைக்கிள் கொடுக்க எம்.எல்.ஏ. பள்ளிக்கூடத்துக்கே வந்தார். சம்பங்கியும் அரளியும் வைத்து மாலையை நானே கட்டினேன். மாலையைப் போட்டுவிட்டு மேடையை விட்டு இறங்க வேண்டியவள், இறங்காமல் மைக்கைப் பிடித்தேன். "சைக்கிள் குடுத்திய, ரொம்பச் சந்தோசம். எங்க பிள்ளைய சைக்கிள் ஏறி வந்து யாரைப் பாக்க? வகுப்புல வாத்தியார் இல்லையே!" என்றேன். ஹெட்மிஸ்ட்ரஸ் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் திருவேங்கடம் ஊர்ப் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்திருந்த தாய்மார் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நீ மூன்றாவது வரிசையில் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, விரலிடுக்கு வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாய். எம்.எல்.ஏ.வும் சிரித்தார். மைக்கை வாங்கி, "அக்கா கேட்டாச்சு. திங்கக்கிழமை கணக்கு டீச்சர் உங்க வகுப்புல நிப்பாங்க. இது என் வாக்கு" என்றார். கூட்டம் ஆரவாரித்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை, உன்னைப் பெற்றபோது தவிர.

அன்றைக்குச் சாயங்காலமே ஃபிளெக்ஸ் பேச்சு வந்தது. யாருக்கு முதலில் தோன்றியது என்று தெரியவில்லை, எனக்கே தோன்றியிருக்கலாம். 'எங்கள் பள்ளிக்குக் கணித ஆசிரியர் தந்த கல்விக் காவலருக்கு நெஞ்சார்ந்த நன்றி' என்று போட்டு, அவர் படத்தைப் பெரிதாகவும், கீழே வட்டம் வட்டமாக முதல் குரூப் பிள்ளைகள் படத்தையும் வைத்துப் பள்ளிக்கூட வாசலில் கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. நம் ஊரில் இது புதிதா? ரோடு போடுவதற்கு முன்னாலேயே ரோட்டுக்கு நன்றி சொல்லி போர்டு வைக்கிற ஊர்தானே. நீதான் சாப்பிட்ட கையோடு நின்றுகொண்டு, "எம்மா, முதல்ல டீச்சர் வரட்டுமே" என்றாய். உங்கப்பாவும், "பிள்ளை பெறுமுன்ன பேரு வைக்காத" என்றார். நான் இருவரையும் பார்த்து, "உங்களுக்கு அரசியல் தெரியாது. நன்றி சொல்லி ஊருக்கு முன்னால கட்டிப்போட்டுட்டா, அவரு மறக்க முடியுமா? வெக்கத்துக்காவது ஆளைப் போட்டுத்தானே ஆகணும்!" என்றேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே அவ்வளவு பெருமை.

திங்கள்கிழமை டீச்சர் வரவில்லை. ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. எம்.எல்.ஏ.வின் ஆட்கள் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். பேப்பரில்கூட வந்தது. அடுத்த திங்களும் வரவில்லை. மாதம் ஒன்று கழித்து நான் கல்வி ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த ஆபீசர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க மனுவை முடிச்சாச்சேம்மா" என்றார். டீச்சர் வரவே இல்லையே சார் என்றேன். தன் செல்போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் நம் ஃபிளெக்ஸ். "இது நீங்க வச்சதுதானே? கோரிக்கை நிறைவேறிருச்சுன்னு நீங்களே நன்றி சொல்லியிருக்கிய. இதைத்தான் அறிக்கையோட அனுப்பியிருக்கோம். இதுக்கு மேல நான் என்னத்த எழுத?" என்றார். அந்தப் படத்தில் வலது ஓரத்து வட்டத்தில் நீ, இரட்டைச் சடையோடு சிரித்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வந்து அந்த ஃபிளெக்ஸைக் கழற்றப் போனேன். வாட்ச்மேன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எக்கா, வேண்டாம். அவரு படத்துல கை வச்சா கட்சிக்காரங்க வந்து நிப்பாங்க. ஸ்கூலுக்குத்தான் கெட்ட பேரு" என்றார். ஹெட்மிஸ்ட்ரஸும் ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டார். மறு வருஷம் ஆடிக் காற்று வந்து கிழிக்கும்வரை அது அங்கேயே தொங்கியது. நீ தினமும் அதற்குக் கீழேதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போனாய். உள்ளே கணக்குப் பீரியடில் கரும்பலகை வெறுமனே இருந்தது.

அதற்கப்புறமும் நான் விட்டுவிடவில்லை என்று உனக்குத் தெரியும். போகிற இடமெல்லாம் அந்தப் படம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. புதிதாக வந்த அதிகாரியும், "ஏற்கெனவே நியமனம் ஆன பள்ளிதானே?" என்றார். பிளஸ் டூவும் அப்படியே போயிற்று. நீ கைடு புத்தகத்தை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் தனியாக மல்லுக்கட்டினாய். சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. டியூஷனுக்குப் போ என்றபோது, வேண்டாம், வீட்டுக் கஷ்டம் தெரியாதா என்றாய். ரிசல்ட் வந்தது. ஏதோ தட்டுத்தடுமாறிப் பாஸ். உன்னோடு படித்ததுகளில் நிறையப் பேருக்கு அதுவும் இல்லை. இன்ஜினியரிங் என்ற பேச்சையே நீ எடுக்கவில்லை. காலேஜில் சேர்க்கப் போன அன்றைக்கு, வாசலில் நின்றுகொண்டு என் முந்தானையைப் பிடித்து, "கணக்கு இல்லாத படிப்பா பாத்துச் சேத்துவிடும்மா" என்றாய். நானும் வரலாற்றில் சேர்த்துவிட்டேன். மக்கா, அந்த ஒரு வார்த்தை இன்னமும் என் காதில் கிடந்து அறுக்கிறது.

ஆனாலும் நான் உண்மையிலேயே உடைந்தது அப்போது இல்லை. போன மாதம் உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்றைக்கு. மாப்பிள்ளையின் பெரியப்பா, அதுதான் எம்.எல்.ஏ.வின் கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறாரே, அவர் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, "பாப்பா முதல் குரூப் எடுத்துட்டு ஏன் பி.ஏ. போச்சு?" என்று கேட்டார். கேட்டது தப்பில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தபடியே, "எனக்குக் கணக்கு வராது மாமா" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பிள்ளை, பட்டென்று உண்மையைச் சொல்லுது என்று உன்னை மெச்சினார்கள். நான் காபித் தட்டோடு அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றேன். அவர்களைச் சமாளிப்பதற்காகச் சொல்கிறாயோ என்று முதலில் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நீ நம்பிக்கொண்டுதான் சொன்னாய். கோயம்புத்தூர்த் துணிக்கடையில் பில் போடுகிறபோதுகூட ஒவ்வொன்றையும் இரண்டு தடவை மிஷினில் தட்டிப் பார்ப்பதாக நீ ஒருநாள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இனி போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எம்.எல்.ஏ.வை நேரில் அழைப்பதுதான் முறை என்று பெரியப்பா சொல்லி, அவரும் நானும் உங்கப்பாவும் எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போனோம். தட்டில் பழம், வெற்றிலைபாக்கு. பத்திரிகை அப்போது வரவில்லை, வாயால் அழைப்பதற்காக. என் பைக்குள் ஒரு மனுவும் இருந்தது. உனக்குத் தெரியாது, உன் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷத்திலிருந்து முதல் குரூப்பையே எடுத்துவிடப் போகிறார்களாம். பிள்ளைகள் சேர மாட்டேன் என்கிறார்களாம். வாத்தியார் இல்லாத வகுப்பில் எந்தப் பிள்ளை சேரும்? இப்போது படிக்கிற பிள்ளைகளின் அம்மாமார் ராயகிரியிலிருந்துகூட நம் கடைக்கு வந்து, "நீங்கதான் பேசத் தெரிஞ்சவங்க" என்று நின்றார்கள். மூடாதீர்கள், ஆள் போடுங்கள், மாற்றாள் வராமல் யாரையும் விடாதீர்கள் என்று பழைய பாட்டையே புதுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

என்னைக் கண்டதும் எம்.எல்.ஏ. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அடடே, இந்த அக்காவா! மைக்கைப் புடுங்கின அக்கால்லா!" என்றவர், சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "கணக்கு டீச்சர் வேணும்னு கேட்டாங்க. ஒரே வாரத்துல போட்டுக் குடுத்தேன். மறுநாளே நன்றி சொல்லி ஃபிளெக்ஸ் வச்சாங்கய்யா! இந்தக் காலத்துல யாரு நன்றி சொல்லுதா?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, கோமு. அதுதான் என்னை அடித்துப் போட்டது. டீச்சர் வந்துவிட்டதாக அவர் நிஜமாகவே நம்புகிறார்.

நான் மெதுவாகத்தான் சொன்னேன். "ஐயா, அந்த டீச்சர் வரவே இல்லைங்க."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கடகடவென்று சிரித்தார். "டீச்சர் வராமலா ஃபிளெக்ஸ் வச்சிய?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா முந்திக்கொண்டு, "தங்கச்சி கல்யாணத் தடபுடல்ல இருக்கு, எதையோ நினைச்சிப் பேசுது" என்றார். உங்கப்பா தறிச் சத்தத்தில் பாதிக் காது போனவர், என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"அப்போ பொண்ணு அந்த செட்டுதானா? நாம போட்ட டீச்சர்ட்ட படிச்ச பிள்ளை! இப்ப என்ன பண்ணுது?" என்று எம்.எல்.ஏ. கேட்டார். பெரியப்பா, "பி.ஏ. முடிச்சிட்டு கோயம்புத்தூர்ல துணிக்கடையில பில்லிங்ல இருக்கு. கணக்கு அவ்வளவா வராதாம்" என்றார். அதற்கு அவர், வெகு பிரியமாக, உன்னைச் சொந்தப் பிள்ளைபோல நினைத்து, "இருக்கட்டும்யா, எல்லாருக்குமா வரும்? நாம டீச்சர் போட முடியும், மூளையைப் போட முடியுமா?" என்றார். மறுபடியும் சிரிப்பு. மனுவை நீட்டினேன். பிரித்துப் பார்க்காமலே பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்து, "நம்ம அக்கா மனு, பாத்துக்கோ" என்றார். வாசலில் செருப்புப் போடும்போது பெரியப்பா என் பக்கமாகக் குனிந்து, "தங்கச்சி, கல்யாணம் நல்லபடியா முடியட்டும். அதுவரைக்கும் இந்தப் பள்ளிக்கூடப் பேச்சை எடுக்காதிய, என்ன?" என்றார். சரி அண்ணாச்சி என்றேன். அவ்வளவு லேசாக என் வாயில் அந்தச் 'சரி' வந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் போகிற பெண்ணுக்கு அம்மாமார் நிறையப் புத்தி சொல்லுவார்கள். மாமியாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நீ என்னைவிடப் பொறுமைசாலி. ஒன்று மட்டும் சொல்லுவேன். யாருக்கும் முன்கூட்டி நன்றி சொல்லாதே. உன் கைக்கு வந்து சேர்ந்த பிறகு சொல். நல்ல மனசோடு சொன்ன நன்றியை வைத்தே நம் வாயை அடைத்துவிடுவார்கள். உனக்குப் பிள்ளை பிறந்தால் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அரசாங்கப் பள்ளிக்கூடம் நம்முடையது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும் என்று மைக்கில் பேசியவள் நான். இன்று என்னிடம் யாராவது வந்து அதையே கேட்டால், என்ன சொல்லுவேன் என்று தெரியவில்லை. நேற்று அந்த அம்மாமார் மறுபடி கடைக்கு வந்தார்கள். மனு கொடுத்தாச்சு என்றேன். அவர்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் பூவைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். போகும்போது ஒருத்தி, "ஒரு ஃபிளெக்ஸ் வச்சிரலாமாக்கா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் புள்ளையை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். பாவம், அது மலங்க மலங்க விழித்துக்கொண்டு திருவேங்கடம் பஸ்ஸில் ஏறிப் போனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தாலி கட்டி முடிந்ததும் எம்.எல்.ஏ. மைக்கைப் பிடிப்பார். சொல்லியே அனுப்பியிருக்கிறார், இந்தக் கதையை மேடையில் சொல்லப் போவதாக. மணப்பெண் படித்த பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சர் போட்டது நான்தான் என்பார். பெண்ணின் தாயார் எனக்கு ஃபிளெக்ஸ் வைத்தார் என்பார். மூளை பற்றிய அந்த வேடிக்கையையும் சொன்னாலும் சொல்லுவார், ஒரு தடவை சிரிப்பு வாங்கிய பேச்சை அவர்கள் விடுவதில்லை. மண்டபம் முழுக்கக் கைதட்டும். உன் மாப்பிள்ளையும் தட்டுவார், அவருக்கு என்ன தெரியும்? நான் முன்வரிசையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அன்று மைக்கைப் பிடித்தவள் இன்றும் பிடிப்பாள் என்று நினைக்காதே. உன் கழுத்தில் ஏறிய ஈரம் காயாத மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டு என்னால் எழ முடியாது. என்னை அந்த இடத்தில்தான் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

அதனால் அன்றைக்கு மேடையில் சொல்ல முடியாததை இன்றைக்கே உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அந்த வகுப்பில் ஒரு நாள்கூட, ஒரு மணி நேரம்கூட, உனக்கு யாரும் கணக்குச் சொல்லித் தரவில்லை. நீ தனியாக மாடியில் உட்கார்ந்து, கேட்க நாதியில்லாமல், பாஸாகி வந்தாய். உனக்கு மூளை இல்லாமல் போகவில்லை, மக்கா. அவர் சொல்லட்டும், ஊர் கைதட்டட்டும், உன்னைப் பெற்றவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். நீ மட்டும் அதை நம்பாதே.

உன் அம்மா